கணினியின் அடித்தளம் மாறிய கதை



இன்று நம் தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கணினி இருக்கிறது. அது இல்லாத வீட்டிலும் ஒரு கைத்தொலைபேசியாவது இருக்கிறது. பிள்ளைகளின் பாடங்கள், பிறப்புப் பத்திரத்தின் நகல், சம்பளச் சீட்டின் படம், காலமான பாட்டியின் புகைப்படம் என்று வீட்டின் முக்கியமான பொருள்கள் பலவும் அதற்குள்ளே குடியேறிவிட்டன. அப்படியிருக்க, ஒரு நாள் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாமா என்று அது கேட்கிறது. சரியென்று அழுத்துகிறோம். மறுநாள் பார்த்தால் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. மகள் எழுதி வைத்த பள்ளிக் கட்டுரை வைத்த இடத்தில் இல்லை.

இது ஏன் நேர்கிறது? நாம் ஏதேனும் தவறு செய்துவிட்டோமா? கணினியே கெட்டுப்போய்விட்டதா? இனிமேல் இத்தகைய அறிவிப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் நல்லதா? இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் நாம் மட்டும் அல்லர். ஏறத்தாழ 60 ஆண்டுகளாக, பெரிய நிறுவனங்கள் முதல் சிறிய வீடுகள் வரை, கணினி வைத்திருந்த அனைவரும் கேட்ட கேள்விகளே இவை. அவர்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் தெரிந்துகொண்டால் நம் வீட்டுப் பொருள்களை நாம் காத்துக்கொள்ளலாம். ஆகவே, அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினிக்குள் இருக்கும் இயங்குதளம் என்பது என்ன? தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கிறது. யார் யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, இன்னாருக்கு இந்த நிரை, இன்னாருக்கு அந்த நிரை என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார் மண்டோர். அவர் பால் வெட்டுவதில்லை. ஆனால், அவர் இல்லையென்றால் ஒரே நிரையில் இருவர் போய் நிற்பார்கள். மற்றொரு நிரை வெட்டப்படாமலே கிடக்கும். கணினிக்குள்ளும் எழுதும் நிரல், கணக்குப் போடும் நிரல், படம் காட்டும் நிரல் என்று பல வேலையாட்கள் இருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு நினைவகம், யார் எப்போது அச்சுப்பொறியைப் பயன்படுத்தலாம், எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானித்து மேற்பார்வை செய்வது இயங்குதளம். விண்டோஸ், மேக் ஓ.எஸ்., லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று நாம் கேள்விப்படும் பெயர்கள் எல்லாம் இந்த மேற்பார்வையாளரின் பெயர்கள்தாம்.

மேற்பார்வையாளர் மாறினால் என்ன ஆகும்? புதியவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால், பழையவரோடு வாய்மொழியாக இருந்த ஏற்பாடுகள் அவருக்குத் தெரியா. கணினியில் இயங்குதளத்தை மாற்றும்போது ஏற்படும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. புதியது கெட்டது என்பதனாலோ பழையது நல்லது என்பதனாலோ அல்ல. பழையதும் புதியதும் சந்திக்கும் இணைப்பில்தான் கோளாறு.

இந்த உண்மையை உலகம் முதன்முதலில் பெரிய அளவில் உணர்ந்தது 1960-களில் ஆகும். அக்காலத்துக் கணினிகள் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தன. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசாங்க அலுவலகங்கள் போன்ற பெரிய அமைப்புகளே அவற்றை வைத்திருந்தன. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சிஸ்டம்/360 என்னும் புதிய கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கு முன்பு, சிறிய கணினியிலிருந்து பெரிய கணினிக்கு மாறினால் எல்லா நிரல்களையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. புதிய குடும்பத்தில் அந்தத் தொல்லை இல்லை. சிறிய கணினிக்கு எழுதியது பெரிய கணினியிலும் ஓடும் என்று ஐ.பி.எம். உறுதி கூறியது.

ஆனால், ஒரு சிக்கல் இருந்தது. அந்நிறுவனத்தின் 1401 என்னும் பழைய கணினியை ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தி வந்தார்கள். அதற்காக அவர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு எழுதிய சம்பளக் கணக்கு, இருப்புக் கணக்கு நிரல்கள் எல்லாம் என்ன ஆவது? அவற்றைத் தூக்கி எறியச் சொன்னால் யார் புதிய கணினியை வாங்குவார்கள்? ஐ.பி.எம். பொறியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். புதிய கணினியின் உள்ளமைப்பிலேயே, தேவைப்படும்போது பழைய 1401 போல நடந்துகொள்ளும் ஆற்றலை வைத்தார்கள். பழைய நிரல் தான் பழைய வீட்டிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு புதிய வீட்டில் ஓடியது. இதனால் மக்கள் அச்சமின்றி மாறினார்கள். பழையதற்குப் புதியதில் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்னும் கொள்கை அன்றே நிலைபெற்றுவிட்டது எனலாம்.

கணினியை அமைத்தது ஒரு பாடு என்றால், அதன் இயங்குதளமாகிய ஓ.எஸ்./360-ஐ எழுதியது அதைவிடப் பெரும் பாடு. அந்தப் பணியை நடத்தியவர் ஃபிரெட் புரூக்ஸ் என்பவர். உச்ச கட்டத்தில் 1,000 பேருக்கு மேல் அதில் உழைத்தார்கள். ஆயினும் அது குறித்த காலத்தில் முடியவில்லை. வந்த பிறகும் பிழைகள் மலிந்திருந்தன. ஒரு வெளியீட்டில் திருத்தினால் அடுத்த வெளியீட்டில் வேறு பிழைகள் முளைத்தன. புரூக்ஸ் பின்னர் தம் அனுபவங்களை 1975-இல் ஒரு நூலாக எழுதினார். நிரலில் ஒரு பிழையைத் திருத்தும்போது, அந்தத் திருத்தமே வேறொரு பிழையை உண்டாக்குவதற்கு 20 முதல் 50 விழுக்காடு வரை வாய்ப்பு உண்டு என்று அதில் அவர் கணித்தார். தம் பணியின் குறைகளை மறைக்காமல் எழுதி வைத்தமையால்தான் பின்வந்தோர் அவரிடமிருந்து கற்க முடிந்தது. கணினித் துறையின் மிக உயர்ந்த விருதாகிய டூரிங் விருது 1999-இல் அவருக்கு வழங்கப்பட்டது.

அடுத்து, கணினி வீட்டுக்குள் வந்த காலத்தைப் பார்ப்போம். 1981-இல் ஐ.பி.எம். தன் சிறிய தனியாள் கணினியை விற்கத் தொடங்கியது. அதற்கு இயங்குதளம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட் நிறுவனம். டாஸ் என்று அதற்குப் பெயர். அந்த டாஸின் 6-ஆம் பதிப்பு 1993-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. வட்டில் உள்ள கோப்புகளை நெருக்கி அடுக்கி, ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் கிடைக்கச் செய்யும் வசதி அதில் இருந்தது. வட்டுகள் விலை உயர்ந்திருந்த அக்காலத்தில் அது பெரிய வரப்பிரசாதமாகத் தோன்றியது. ஆனால், சில மாதங்களில் புகார்கள் எழுந்தன. கோப்புகள் சிதைந்துபோயின என்று பலர் முறையிட்டார்கள்.

காரணத்தை ஆராய்ந்தபோது ஒரு வியப்பான செய்தி தெரியவந்தது. புதிய பதிப்பு வேகத்தைக் கூட்டுவதற்காக, எழுத வேண்டியவற்றை உடனே வட்டில் எழுதாமல் சிறிது நேரம் நினைவகத்தில் தேக்கி வைத்தது. ஆனால், வேலை முடிந்துவிட்டது போல் திரையில் அடையாளத்தைக் காட்டிவிட்டது. மக்கள் தம் பழைய வழக்கப்படி அந்த அடையாளத்தைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். தேங்கியிருந்தவை எழுதப்படாமலே அழிந்தன. மக்கள் செய்தது நேற்று வரை சரியாக இருந்த ஒரு செயல். அடித்தளம் மாறியதால் அதே செயல் இன்று கேடாக முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 6.2 என்னும் பதிப்பில், எழுதி முடித்த பிறகே அடையாளம் தோன்றும்படி மாற்றினார்கள். வட்டைச் சோதித்துப் பழுது பார்க்கும் ஒரு கருவியையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் விண்டோஸ் 95 வெளிவந்தது. பழைய நிரல்களுக்கு இடம் கொடுப்பதில் அதை எழுதியவர்கள் காட்டிய அக்கறை குறிப்பிடத்தக்கது. கடைகளில் விற்ற நிரல்களை எல்லாம் வாங்கி வந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார்கள். அப்போது சிம்சிட்டி என்னும் நகரம் கட்டும் விளையாட்டு நின்றுபோவதைக் கண்டார்கள். தவறு விளையாட்டினுடையது. தனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகப் பகுதிக்குள் அது மீண்டும் போய்ப் படித்துக்கொண்டிருந்தது. காலி செய்த வீட்டுக்குள் மறுபடியும் போய்ச் சமைப்பதைப் போன்றது அது. பழைய இயங்குதளத்தில் அந்த வீட்டுக்கு வேறு யாரும் குடி வராததால் தவறு வெளியில் தெரியவில்லை. புதியதில் வேறொருவர் குடிவந்துவிட்டார். சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் அந்த வீட்டை உடனே வேறொருவருக்குக் கொடுக்காதே என்று விண்டோஸ் 95-இல் தனி ஏற்பாடு செய்தார்கள். விளையாட்டை வாங்கியவர்கள் நடந்தது எதையும் அறியவில்லை. நல்ல மாற்றம் என்பது பல வேளைகளில் நமக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

எல்லா மாற்றங்களும் அப்படி அமைந்துவிடுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்.பி. என்னும் பதிப்பு 2001-இல் வந்து மக்களிடையே வேரூன்றியது. அதற்கு அடுத்து வந்த விஸ்டா 2007-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. நோய்நிரல்களிடமிருந்து கணினியைக் காப்பதற்காக அதன் அடித்தளத்தில் பல மாறுதல்கள் செய்யப்பட்டன. நோக்கம் நல்லதுதான். ஆனால், வாங்கியவர்கள் வீட்டில் அச்சுப்பொறிகள் ஊமையாயின, ஒலி வரவில்லை, திரை உறைந்து நின்றது.

இதற்குக் காரணம் டிரைவர் எனப்படும் சிறு நிரல்கள் ஆகும். அச்சுப்பொறி பேசும் மொழி வேறு. இயங்குதளம் பேசும் மொழி வேறு. இரண்டுக்கும் நடுவே துபாஷியாக நிற்பது இந்த டிரைவர். அச்சுப்பொறியைச் செய்யும் நிறுவனமே அதை எழுதித் தர வேண்டும். விஸ்டாவில் இயங்குதளத்தின் மொழி மாறியது. துபாஷிகள் பலர் அதைக் கற்றுக்கொண்டு வரவில்லை. படங்களைத் திரையில் காட்டும் பலகைகளைச் செய்யும் என்விடியா நிறுவனத்தின் டிரைவர்களால் மட்டும், 2007-இல் பதிவான விஸ்டா முடக்கங்களுள் ஏறத்தாழ 29 விழுக்காடு நேர்ந்தன. பின்னர் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் இந்தப் புள்ளி விவரம் வெளியாயிற்று. பலர் விஸ்டாவை நீக்கிவிட்டு மீண்டும் எக்ஸ்.பி.க்கே திரும்பினார்கள்.

2009-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் விண்டோஸ் 7 வந்தது. அதை எல்லாரும் புகழ்ந்தார்கள். ஆனால், அதன் அடித்தளம் பெரும்பாலும் விஸ்டாவினுடையதே. இடைப்பட்ட காலத்தில் துபாஷிகள் மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதே முக்கிய வேறுபாடு. பெரிய மாற்றம் வந்த முதல் நாளே அதை ஏற்றுவதைவிடச் சிறிது காலம் பொறுத்து ஏற்றுவது நன்று என்று அறிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

அப்படியானால், மாறாமலே இருந்துவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்துக்கும் வரலாறு விடை சொல்கிறது. எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டன. ஆனாலும், மாறினால் தொல்லை வருமே என்று அஞ்சிப் பலர் அதையே வைத்திருந்தார்கள். புதிய பதிப்புகளை வைத்திருந்தோரிலும் திருத்தங்களை ஏற்றாமல் ஒத்திப்போட்டவர்கள் ஏராளம். 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் வானாகிரை என்னும் நோய்நிரல் உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளை எல்லாம் பூட்டு போட்டுப் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்று அது மிரட்டியது. ஏறக்குறைய 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின.

இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவமனைகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. அங்கே நோயாளிகளுக்குக் குறித்துக் கொடுத்திருந்த 19,000-க்கும் மேற்பட்ட சந்திப்புகள் இரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், அந்த நோய்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதங்கள் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருந்தும் பலர் அதை உட்கொள்ளவில்லை. கூரையில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தும், ஏணி வைத்தால் ஓடு உடையுமே என்று அஞ்சி மழைக்காலம் வரை காத்திருந்தவரின் நிலை அது.

மாறினாலும் ஆபத்து, மாறாவிட்டாலும் ஆபத்து என்றால் என்னதான் செய்வது? இதற்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்று 2018-இல் நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் விண்டோஸ் 10-இன் ஒரு புதிய வெளியீட்டை மைக்ரோசாஃப்ட் வழங்கத் தொடங்கியது. சில நாள்களிலேயே அதை நிறுத்திவைத்தது. ஏற்றியவர்களுள் சிலருடைய புகைப்படங்களும் ஆவணங்களும் அடியோடு மறைந்துவிட்டன என்பதே காரணம்.

நடந்தது இதுதான். சிலர் வட்டில் இடம் போதாமல், தம் ஆவணக் கோப்புறையை வேறொரு வட்டுக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றும்போது பழைய கோப்புகள் சில பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. அவ்வாறு மாற்றிய பின் பழைய கோப்புறை வெறுமையாகக் கிடந்து குழப்பம் தருகிறது என்று முன்பு சிலர் குறை கூறியிருந்தார்கள். ஆகவே, புதிய வெளியீடு அந்தப் பழைய கோப்புறையைத் துப்புரவு செய்யும்படி எழுதப்பட்டது. உள்ளே பொருள் இருக்கிறதா என்று அது பார்க்கவில்லை. லயத்து வீட்டிலிருந்து புது வீட்டுக்குப் போன குடும்பம், இரண்டு பெட்டிகளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய வீட்டில் விட்டுவந்திருக்க, வீடு காலி என்று எண்ணி இடித்துவிட்டதைப் போலாயிற்று.

பாதிக்கப்பட்டதாகத் தெரிவித்தவர்கள் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவே என்று மைக்ரோசாஃப்ட் கூறியது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால், அந்த ஒருவர் நாமாக இருந்தால்? வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்த்தவர்கள் சிலர் இந்தக் கோளாற்றை முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருந்தார்கள். பல்லாயிரம் கடிதங்களுக்கிடையே அவை கவனிக்கப்படாமல் போயின. அதன் பிறகு, ஒரு குறை எவ்வளவு கடுமையானது என்றும் தெரிவிக்கும் வழியை நிறுவனம் ஏற்படுத்தியது. திருத்திய வெளியீடு நவம்பர் 13-ஆம் நாள் மீண்டும் வந்தது. அந்த நாள்களில் கோப்புகளை இழந்தும் கவலையின்றி இருந்தவர் யார் தெரியுமா? வேறோர் இடத்தில் ஒரு நகல் வைத்திருந்தவர்தான்.

கைத்தொலைபேசிக்கும் இந்தப் பாடம் பொருந்தும். 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதை ஏற்றிய புதிய போன்கள் சிலவற்றில் தொலைபேசித் தொடர்பே அறுந்துபோயிற்று. ஒரு மணி நேரம் அளவில் அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் ஏறக்குறைய 40,000 போன்கள் பாதிக்கப்பட்டுவிட்டன.

நம் நாட்டையே தொட்ட நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அது இயங்குதள மாற்றம் அன்று. ஆயினும், இயங்குதளத்தின் உயிர்நிலையில் வேலை செய்யும் பாதுகாப்பு நிரலுக்கு உரிய கோப்பு அது. அதில் இருந்த பிழையால் உலகில் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் பயணிகளின் வரிசை நீண்டது. ஊழியர்கள் கையால் எழுதிப் பயணிகளை அனுப்பினார்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் அவ்வாறே செய்தன. தவறான கோப்பை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால், அதற்குள் நின்றுபோன கணினிகளைத் தொலைவிலிருந்து எழுப்ப முடியவில்லை. பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் போய் உட்கார்ந்து, குறைந்தபட்ச நிலையில் அதைத் துவக்கி, அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்த்துப் பிறகு மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற பாடத்தை அந்நிறுவனம் அன்று கற்றது.

இந்த வரலாறு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குப் புலப்படுவது என்ன? தோட்ட நாற்றங்காலில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். விதையிலிருந்து வளர்ந்த கன்றின் பட்டையில் ஒரு சிறு சன்னல் வெட்டி, அதிகப் பால் தரும் மரத்தின் மொட்டை அங்கே பதித்துக் கட்டுவார்கள். கட்டியவுடனே கன்றின் தலையை வெட்டிவிடுவார்களா? மாட்டார்கள். சில வாரங்கள் பொறுத்துக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். மொட்டு பச்சையாக உயிரோடு ஒட்டிக்கொண்டது என்று உறுதியான பின்புதான் மேல் தண்டை அறுப்பார்கள். ஒட்டு பிடிக்காவிட்டாலும் கன்று பிழைத்திருக்கும், மீண்டும் முயலலாம். இந்த அறிவு நம் முன்னோர்க்குப் புதிதன்று. கணினிக்கும் இதுவே விதி. புதியது உயிர்பிடித்தது என்று தெரியும் வரை பழையதை வெட்டக் கூடாது.

இதை நடைமுறையில் எவ்வாறு கையாள்வது? மாற்றுவதற்கு முன்னால், முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவிலோ வெளி வட்டிலோ நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றித் தனியாக வைக்க வேண்டும். நகலை ஒரு முறை திறந்து பார்த்துவிடுவதும் அவசியம். பிள்ளைக்குத் தேர்வு நெருங்கும் வாரத்தில் பெரிய மாற்றம் வேண்டாம், விடுமுறைக்கு ஒத்திவைக்கலாம். ஆனால், மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை நீண்ட நாள் ஒத்திப்போடக் கூடாது.

மாற்றிய பிறகு தொல்லை வந்தால், முதலில் பதற்றம் கூடாது. திரையில் தோன்றும் செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கணினியை முறையாக நிறுத்தி மறுபடியும் துவக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி மட்டும் ஓடவில்லையென்றால், அதைச் செய்த நிறுவனத்திடமிருந்து புதிய டிரைவரைப் பெற்று ஏற்றினால் போதும். கணினி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

கோப்புகளைக் காணவில்லையென்றால், கணினியில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் தேட வேண்டும். விண்டோஸில் பெரிய மாற்றம் நடந்தால், முந்திய அடித்தளம் விண்டோஸ்.ஓல்ட் என்னும் கோப்புறையில் சிறிது காலம் கிடக்கும். மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் வழியும் அமைப்புப் பகுதியில் உண்டு. ஆனால், அதற்குப் பொதுவாக 10 நாள்களே தவணை. அதன் பின் அந்தக் கோப்புறை தானாக நீக்கப்பட்டுவிடும். ஆகவே, மாற்றிய முதல் வாரத்திலேயே அச்சுப்பொறி, ஒலி, பிள்ளைகளின் கோப்புகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரு முறை சரிபார்த்துவிட வேண்டும். கடைக்குக் கொண்டுபோனால், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்று சொல்லக்கூடும். நம் கோப்புகளை நகல் எடுக்காமல் அதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இதனால் இரண்டாம் கைக் கணினிகளை வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. வாங்கும் கணினி எந்தப் பதிப்பை ஏற்கும் என்று கேட்டு வாங்குவது நம் பணத்துக்குப் பாதுகாப்பு. ஏற்காத பழைய கணினியையும் வீசிவிட வேண்டியதில்லை. லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்கள் அவற்றில் ஓடக்கூடும். விவரம் அறிந்தவரின் துணையோடு, நகல் எடுத்த பின், அதையும் முயன்று பார்க்கலாம்.

நேயர்களே, ஒரு தாளின் அருமை தோட்ட மக்களாகிய நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பிறப்புப் பத்திரம் இல்லாமலும், குடியுரிமைத் தாள் கிடைக்காமலும் அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தகரப் பெட்டியின் அடியில், பழைய சேலையில் சுற்றி, அந்தத் தாள்களைக் காத்துவந்தவர்கள் நம் தாய்மார்கள். பெட்டி இன்று கணினியாக மாறியிருக்கலாம். ஆனால், காக்கும் பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைத்துவிட முடியாது. ஆயிரம் பேர் கூடி எழுதிய இயங்குதளத்திலும் பிழை இருந்தது. உலகப் பெரிய நிறுவனங்கள் அனுப்பிய திருத்தமும் தவறியது. அவர்கள் தவறினாலும் நம் வீட்டுப் பொருள் தப்பியிருக்க வேண்டுமானால், இன்னொரு நகல் நம் கையில் இருக்க வேண்டும். இன்றிரவே குடும்பத்தோடு உட்கார்ந்து, எவை எவை இழக்கக் கூடாதவை என்று பட்டியலிட்டு, அவற்றுக்கு ஒரு நகல் எடுத்து வைப்போம். அதன் பின் எந்தப் பதிப்பு வந்தாலும் அச்சமின்றி வரவேற்கலாம்.